ஏழாம் வாரத்து முகம்

தன் தம்பியே ஒருநாள் அந்த அறைக்குள் வந்து, கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, முழித்துக்கொண்டு உட்காருவான் என்று டாக்டர் இசக்கிச்செல்வி கனவிலும் நினைத்ததில்லை. ஊராருக்கு யோசனை சொல்வது சுலபம். தன் வீட்டு ஆளென்றால் நாக்கு புரள மாட்டேன் என்கிறது.

கருவிலேயே பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் அந்தப் பாளையங்கோட்டை மருத்துவமனையில் அந்த அறைக்குச் சம்மத அறை என்று பெயர். வயிற்றில் ஆறு வாரக் கருவோடு வருகிறவர்களுக்கு அங்கே படம் எடுப்பார்கள். பிள்ளையின் முகம் சரியாகக் கூடிவரும் என்றால் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். கூடிவராது என்றால் இந்த அறை. வயிற்றிலேயே மருந்து போட்டுச் சரிசெய்வதா, பிறந்தபிறகு தைத்துக்கொள்வதா என்று இரண்டு பக்கமும் ஒரு டாக்டர் எடுத்துச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டுத்தான் குடும்பம் முடிவு செய்ய வேண்டும். சட்டம் அப்படி. அந்த டாக்டர் வேலையை இசக்கி ஆரம்பத்திலேயே கேட்டு வாங்கியிருந்தாள். பொய் கலக்காமல் சொல்லத் தன்னைவிட்டால் ஆள் கிடையாது என்று அவளுக்கு ஒரு கர்வம்.

திரையில் இருந்த படத்தை ஆவுடையப்பன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பக்கத்தில் அவன் மனைவி தர்ஷிணி, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற டீச்சர், உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"இதுதான் பிள்ளையாக்கா?"

"ஆமா. ஒரு பாசிப்பயறு அளவுதான் இருக்கும்."

"மூஞ்சி எங்கக்கா? எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

"மூஞ்சின்னு ஒண்ணு இன்னும் வரல. வந்துக்கிட்டு இருக்கு. கேளு. முதுகுத்தண்டு வரப்போற இடத்தோட முகட்டுலேருந்து கொஞ்சம் செல் கிளம்பும். தலையச் சுத்தி முன்னால நடந்து வரும். நெத்தியிலேருந்து ஒரு திட்டு கீழ இறங்கும், கன்னத்துப் பக்கமிருந்து ரெண்டு திட்டு வரும். மூணும் ஏழாவது வாரத்துல மூக்குக்குக் கீழ வந்து ஒட்டணும். மேலுதட்டத் தடவிப் பாரு. நடுவுல பள்ளம், ரெண்டு பக்கமும் சின்ன மேடு இருக்கா? அந்த மேடுதான் ஒட்டுன இடம்."

ஆவுடையப்பன் தடவிப் பார்த்தான். "ஒட்டலைன்னா?"

"என்னைய மாதிரி," என்றாள் இசக்கி.

அவன் சட்டென்று கையை எடுத்துவிட்டான். அக்காவின் மேலுதட்டிலிருந்து இடது மூக்குத் துவாரம் வரை ஓடும் அந்தத் தையலைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அதைப் பற்றி அவன் அக்காவிடம் ஒருநாளும் பேசியதில்லை.

"மருந்து இருக்குல்லா மைனி?" என்று தர்ஷிணி கேட்டாள்.

"இருக்கு. ஊசியில போட்டா உதடு ஒட்டிரும், தழும்பே இருக்காது. ஆனா அந்த மருந்து புதுசா செல் கொண்டுவராது. இருக்கிறதத்தான் இழுக்கும். கழுத்துக்குன்னு கிளம்புனது பாதி வழியில திரும்பி உதட்டுக்கு வந்துரும். கழுத்துல அதுக்கு என்ன வேலை? குரல்வளையக் கட்டணும். செல் நெறைய இருக்கிற பிள்ளைக்கு ரெண்டு வேலையும் நடந்துரும். இந்தப் பிள்ளைக்கு..." இசக்கி திரையில் ஓரிடத்தைத் தொட்டாள். "கம்மி. ரொம்பக் கம்மி. நான் நாலு தடவ பாத்துட்டேன். மருந்து போட்டா உதடு வரும், குரல் வராது. வந்தாலும் வரலாம்னு நான் சொல்ல மாட்டேன். வராது."

"போடலைன்னா?"

"உதடு பிளந்து பிறப்பா. மூணாம் மாசம் தைக்கணும். தழும்பு இருக்கும், அவ்வளவுதான். கத்துவா, பாடுவா, உன்கிட்ட சண்டை போடுவா. முடிவு இந்த வாரத்துக்குள்ள எடுக்கணும், அப்புறம் மருந்து வேலை செய்யாது."

பொம்பளைப் பிள்ளை என்பதும் அப்படித்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

இதில் என்ன பெரிய யோசனை, குரல் போகிற மருந்தை யார் போட்டுக்கொள்வார்கள் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் அந்தக் காலத்து ஊரைப் பார்க்கவில்லை. தெருவுக்கு நாலு பிள்ளைகள் கழுத்தில் பேசுபட்டை கட்டிக்கொண்டு திரிந்தன. நாக்கும் உதடும் அசைகிற அசைவைப் பிடித்து அந்தப் பட்டை பேசும். கடையில் விற்கிற குரல்கள் ஏழெட்டுத்தான், அதனால் ஒரே வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே குரல் இருக்கும். யார் பேசியது என்று வாத்தியார் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். கைக்குழந்தைக்குப் பட்டை ஆகாது. அழுதால் சத்தம் வராதே, அதனால் ஆண் பெண் என்று பாராமல் இரண்டு காலிலும் சலங்கை கட்டினார்கள். பசித்து உதறினால் அம்மா ஓடிவர வேண்டும். எல்லாம் இவ்வளவு தூரம் பழகிப்போயிருந்தது. கல்யாண விளம்பரத்தில் "பட்டை தடையில்லை, முகத்தில் தையல் கூடாது" என்று வெட்கமில்லாமல் போட்டார்கள். சம்மத அறையில் ஒரு மாமியார் இசக்கியிடம் நேராகவே கேட்டாள்: "பேசுததுக்குத்தான் பட்டை இருக்கே டாக்டரம்மா, மூஞ்சிக்குப் பட்டை கட்ட முடியுமா?"

இசக்கி விடமாட்டாள். கடைசியில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, விளக்கு வெளிச்சம் நன்றாக விழும்படி முகத்தைக் காட்டுவாள். "என்னையப் பாருங்க. மூணாம் மாசம் தச்சது. படிச்சேன், டாக்டரானேன், மார்கழிக்குக் கோயில்ல பாடுதேன். எனக்கு என்ன கெட்டுப்போச்சு? இப்ப இதைவிட நல்லாவே தைக்காங்க." அவர்கள் பார்ப்பார்கள். தலையாட்டுவார்கள். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, மருந்துக்கே கையெழுத்துப் போடுவார்கள். சனங்களுக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று இசக்கி கேன்டீனில் உட்கார்ந்து பொருமுவாள்.

தர்ஷிணி அப்படிப் போகவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தச்சுக்கலாம் மைனி. என் கிளாஸ்ல பட்டை போட்ட பிள்ளைங்க ஆறு இருக்கு. பேச்சு எல்லாம் வருது, ஆனா சிரிச்சா சத்தமே வராது. பட்டைக்குச் சிரிப்புத் தெரியாதாம். வாயத் தொறந்துக்கிட்டு, தோள் மட்டும் குலுங்கும். முதல் தடவ பாத்தப்போ விக்குதாக்கும்னு பயந்து முதுகுல தட்டிட்டேன். எனக்கு வேண்டாம் மைனி. என் பிள்ள சிரிக்கிறது எனக்குக் கேக்கணும்."

இசக்கிக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்துபோய்த் தம்பி மனைவியைக் கட்டிக்கொண்டாள். எத்தனையோ பேருக்குச் சொல்லித் தோற்ற இடத்தில், ஜெயித்தது தன் வீட்டில் என்று அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?" என்றாள் தர்ஷிணி. "மூத்த பிள்ள சமாச்சாரம். கேக்காமச் செஞ்சா வருத்தப்படுவாங்க."

"கேப்போம்! நாளைக்கே வரச் சொல்லுதேன். என்னைய வளத்தவளாச்சே. அவளவிட இதை யாரு சொல்ல முடியும்?"

அம்மாவை அந்த அறைக்கே வரச் சொன்னது இசக்கிதான். இதை நினைத்து நினைத்துப் பிற்பாடு அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மா சண்முகவடிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இசக்கி வயிற்றில் இருந்தபோது ஒரு சூரிய கிரகணம். கொடியில் காய்ந்த துணியை எடுக்க முற்றத்துக்கு வந்துவிட்டாள். பிள்ளை உதடு பிளந்து பிறந்ததும் வீடு முழுக்க அந்தத் துணியைப் பற்றியே பேச்சு. கிரகணத்தில் வெளியே வந்து பிள்ளையைக் கெடுத்தவள் என்று புருஷன் வீட்டில் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிக் குத்தினார்கள். இசக்கி மருத்துவக் கல்லூரியில் கருவியல் படித்த அன்றைக்கே பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடிவந்தாள். "அம்மா, கிரகணம் வந்தது உனக்கு ஏழாம் மாசம். என் உதடு ஏழாம் வாரத்துலேயே முடிவாயிருச்சு. உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. இது ரத்தத்துல வாரது!" என்று அடுப்படியில் நின்று கூவினாள். அம்மா மாவு பிசைந்த கையோடு அவளைப் பார்த்துச் சிரித்தாள். அம்மாவின் பாரத்தைத் தான் இறக்கிவிட்டதாக இசக்கி அத்தனை வருஷமும் நம்பியிருந்தாள்.

மறுநாள் சண்முகவடிவு சம்மத அறைக்கு வந்து, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இசக்கி எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். முடிந்ததும் இசக்கி சிரித்துக்கொண்டே, "நீயே சொல்லும்மா, தையல் போட்ட பிள்ளைய வளத்தவ நீ," என்றாள்.

"சொல்லத்தான வந்திருக்கேன்," என்றாள் சண்முகவடிவு. மருமகள் பக்கம் திரும்பினாள். "தாயி, இவ பிறந்தப்போ உங்க மாமா ரெண்டு நாள் உள்ள வந்து எட்டிப் பாக்கல. தச்சாச்சு, எல்லாம் சரியாப்போச்சுன்னு டாக்டரு சொன்னாரு. யாருக்குச் சரியாப்போச்சு? பள்ளிக்கூடத்து போட்டோவுல எல்லாம் இவ குனிஞ்சே நிக்கா. பொண்ணு பாக்க வந்தவன் காப்பி டம்ளர வாயில வைக்காமலே எந்திரிச்சுப் போனான். ஒருத்தன் இல்ல. இவ என்ன செய்வா தெரியுமா? 'எனக்குக் கல்யாணமே வேண்டாம்மா, நிம்மதி'ன்னு சிரிப்பா. நான் குளிக்கிற ரூம்புல தண்ணியத் தொறந்துவிட்டுட்டு அழுவேன்."

"அம்மா, அதெல்லாம் எனக்கு ஒண்ணும் பெரிசில்லம்மா."

"உனக்கு இல்லட்டி. எனக்கு." அம்மாவின் குரல் உயரவே இல்லை. "நீ நல்லாத்தான் இருக்க. படிச்ச, சம்பாதிக்க. உன் மூஞ்சிய நீ காலையில ஒரு தடவ கண்ணாடியில பாப்ப. நான் நாள் பூரா பாக்கேன். முப்பத்தெட்டு வருசமா பாக்கேன். ஒவ்வொரு தடவயும் வயிறு எரியுதுட்டி எனக்கு."

இசக்கி அம்மா பக்கம் குனிந்தாள். "அது உன் தப்பு இல்லன்னு நான்தான் சொன்னேனே."

"சொன்ன. கிரகணம் இல்லன்னு சொன்ன. கிரகணம்னு இருந்தவரைக்கும் பாதிப் பழி அந்தச் சூரியன் மேல இருந்துச்சு. தெரியாம ஒருநாள் வெளிய வந்துட்டோம்னு மனசத் தேத்திக்கிட்டேன். நீ வந்து ரத்தத்துல வாரதுன்ன. எங்க அம்மாகூடப் பிறந்தவருக்கு இதே மாதிரி இருந்துச்சே, அது அன்னைக்குத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அப்ப முழுப் பழியும் யாரு மேல? என் மேலதான? நீ அம்புட்டு சந்தோசமாச் சொன்ன. அதனால நானும் சிரிச்சேன்."

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தான்.

"தாயி," என்று சண்முகவடிவு தர்ஷிணியின் கையைப் பிடித்தாள். "பிள்ளைக்குச் சத்தம் இல்லன்னா, கேக்கலையேன்னு அழுவ. மூஞ்சி இப்படின்னா, பாக்கும்போதெல்லாம் அழுவ. எந்த அழுகை வேணும்னு நீயே முடிவு பண்ணு. நான் கட்டாயப்படுத்தல. இந்தா உக்காந்திருக்கா, நல்லாப் பாத்துக்கோ."

தர்ஷிணி நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி மூன்று வருஷம் தினமும் பார்த்த முகம்தான். இப்போது உதட்டைப் பார்த்தாள், ஒரு பக்கம் அமுங்கிய மூக்கைப் பார்த்தாள், தழும்பு இழுத்துக்கொண்டு போகிற இடத்தைப் பார்த்தாள். இசக்கி பழக்கதோஷத்தில் சிரித்தாள். சிரித்தால் மேலுதடு ஒரு பக்கமாக ஏறும் என்று அவளுக்குத் தெரியும். சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

"மைனி, மன்னிச்சிருங்க," என்றாள் தர்ஷிணி. "மருந்தே போட்டுருங்க."

இசக்கி கெஞ்சினாள். டாக்டர் கெஞ்சக்கூடாது, சட்டத்தில் இடமில்லை, ஆனாலும் கெஞ்சினாள். அவள் பேசப் பேச, தர்ஷிணி அவள் கண்ணைப் பார்க்காமல் உதட்டையே பார்த்தாள். அதற்கு மேல் இசக்கியால் வாயைத் திறக்க முடியவில்லை.

மருந்து போட்ட அன்று சாயங்காலம் அவள் தலைமை மருத்துவர் லோகநாயகியிடம் போய் நின்றாள்.

"மேடம், அந்த ரூம்ல இனி நான் உக்கார மாட்டேன். வேற யாரையாவது போடுங்க."

"ஐயையோ, என்ன இப்படிச் சொல்றீங்க?" லோகநாயகிக்கு உண்மையிலேயே பதற்றம். "உங்களை மாதிரி வருமா? போன கோடையில நீங்க லீவுல போனப்போ டாக்டர் விக்டரை உட்கார வச்சேன். பாதிப் பேர் தையலே போதும்னு கிளம்பிப் போயிட்டாங்க. நீங்க உட்கார்ந்தா ஒருத்தர்கூட அப்படிப் போறதில்ல. இத்தனைக்கும் நீங்க தையலுக்காகத்தான் அவ்வளவு நேரம் பேசறீங்க..."

சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்திவிட்டாள்.

"நான் அப்படிச் சொல்ல வரல இசக்கி."

"தெரியும் மேடம்."

"நாங்க யாரும் அப்படி நினைச்சு உங்களை அங்க..."

"தெரியும் மேடம்," என்றாள் இசக்கி மறுபடியும். தெரியும் என்று அவள் சொன்னது எதை என்று லோகநாயகி கேட்கவில்லை.

அத்தனை வருஷம், அத்தனை பிள்ளைகள். தெருவில் சலங்கை கட்டிய காலைப் பார்க்கும்போதெல்லாம், இது என்னைப் பார்த்துவிட்டுப் போட்ட கையெழுத்தோ என்று இசக்கி நின்று நின்று பார்த்தாள். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தையே மற்றவர்கள் பார்ப்பது போலப் பார்க்க முயன்றாள். அவளுக்கு வரவில்லை. அவளுக்கு அது பழகின முகமாகத்தான் இருந்தது.

மாசி மாதம் குழந்தை பிறந்தது. செப்பு மாதிரி வாய். மேலுதட்டில் நடுப்பள்ளமும் இரண்டு மேடும் வரைந்து வைத்தது போல இருந்தன. நர்ஸ் முதுகில் தட்டினாள். குழந்தை வாயை அகலத் திறந்தது, முகம் சிவந்தது, கை கால் எல்லாம் நடுங்கியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அது முழு மூச்சோடு அழுது முடித்தது. ஒரு சத்தமும் இல்லை. ஆவுடையப்பன் வெளியே வராந்தாவில் நின்றவன், "இன்னும் பிறக்கலையா?" என்று கேட்டான்.

சண்முகவடிவு பேத்தியை வாங்கி முகத்தை முகத்தோடு ஒட்டிக்கொண்டாள். "என் ராசாத்தி, உனக்கென்னடி குறை," என்று கொஞ்சினாள். இசக்கியையும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் வளர்த்தாள். இந்தத் தடவை அவள் கண் குழந்தையின் உதட்டை விட்டு நகரவில்லை. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. தர்ஷிணி கட்டிலில் படுத்தபடி, காதைக் கொஞ்சம் சாய்த்துக் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் ஆகியும் அவள் தலையைத் திருப்பவில்லை.

அதற்குப் பிறகு இசக்கி லோகநாயகியிடம் ஒன்று மட்டும் கேட்டாள். தூரத்து ஊர்க்காரர்கள் யோசனை கேட்க இவ்வளவு தொலைவு வர வேண்டாம், அவரவர் ஊரில் படம் எடுக்கட்டும், நான் போனில் பேசுகிறேன் என்றாள். வீடியோ வேண்டாம், குரல் மட்டும் போதும் என்றாள். லோகநாயகி காரணம் கேட்காமல் சரி என்றாள்.

முதலில் கூப்பிட்டது விளாத்திகுளம் பக்கத்துப் பெண். பெயர் மாரிக்கொழுந்து. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன். இசக்கி படத்தைப் பார்த்துக்கொண்டே எப்போதும் சொல்வதையெல்லாம் சொன்னாள். செல் நடந்து வருவது, உதடு ஒட்டுவது, கழுத்திலிருந்து களவு போவது. கடைசியில், "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, மூணாம் மாசம் தச்சாங்க," என்றாள்.

"உங்களுக்கா டாக்டரம்மா?" மாரிக்கொழுந்துக்கு நம்ப முடியவில்லை. "பேச்சு கணீர்னு இருக்கே! கொஞ்சங்கூடத் தெரியலையே! ஏங்க, கேட்டீங்களா, டாக்டரம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சாம்!"

புருஷனும் மனைவியும் ஒரு நிமிஷம்கூடப் பேசிக்கொள்ளவில்லை. தையலே போதும் என்றார்கள். போனை வைத்துவிட்டு இசக்கி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். ஜெயித்த அழுகை என்றுதான் முதலில் நினைத்தாள். முகத்தைக் காட்டாததால்தான் ஜெயித்தது என்பது அப்புறம்தான் உறைத்தது.

பிள்ளை பிறந்து, தைக்கிற பருவமும் வந்தது. மாரிக்கொழுந்து போன் செய்தாள்.

"தையல் போட உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வாரோம். இவ கத்துத கத்துல வீட்ல யாரும் உறங்க முடியல டாக்டரம்மா! முதல்ல உங்க கையில பிள்ளையக் குடுத்துட்டுத்தான் மத்ததெல்லாம். உங்களப் பாக்கணும். பாத்துட்டா எனக்குப் பயமெல்லாம் போயிரும்."

"நான் அன்னைக்கு ஊர்ல இருக்க மாட்டேன்மா," என்றாள் இசக்கி.

ஆனால் அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். தன் அறைக்குள் உட்கார்ந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வராந்தாவில் அந்தக் குழந்தை தொண்டை கிழியக் கத்தியது. யாரோ சமாதானப்படுத்தினார்கள், அது இன்னும் கத்தியது. எழுந்துபோய் ஒரு தடவை தூக்கிக்கொள்ள வேண்டும் என்று இசக்கிக்குக் கை பரபரத்தது. வாசல்வரை போனாள். அந்தத் தாய் இன்றுவரை தன் பிள்ளையை மனக்குறையில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கதவு திறந்தால் இசக்கியின் முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கையிலிருக்கும் பிள்ளையை மறுபடி குனிந்து பார்ப்பாள்.

"டாக்டரம்மா ரூமு இதுதானே? பூட்டியிருக்கா?" என்று வெளியே மாரிக்கொழுந்தின் குரல் கேட்டது. கதவை இரண்டு தடவை தட்டினாள்.

இசக்கி மூச்சுக் காட்டாமல் நின்றாள். குழந்தையின் அழுகை வராந்தாவில் தள்ளித் தள்ளிப் போய், படியிறங்கி, கேட்காமல் போகிறவரை அவள் கதவைத் திறக்கவில்லை.